மலையில் நடந்த அனுபவம்: இல்லை

1

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் தந்த பரிசு எட்டு நாள் நடை. கேக் வெட்டி முடிந்ததும் ஒரு கடித உறையை நீட்டினாள். உள்ளே விமானச் சீட்டு, ஒரு வரைபடம், பளபளப்பான ஒரு சின்னப் புத்தகம். கிரேக்க நாட்டின் வடக்கு மலைகளில் நடைப்பயணம். முதல் பக்கத்தில் ஒரு படம். கல் பதித்த ஒற்றையடிப் பாதை, கீழே பச்சை நிறத்தில் ஆறு, மலைச்சரிவில் படிப்படியாக ஒலிவ் தோப்பு. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

படத்தைப் பார்த்தேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் போகேல்லை."

"அப்பா, நானும்தான் வாறன். நாங்கள் ரெண்டு பேரும்," என்றாள் மகள் அபி. அவளுக்கு இருபத்தெட்டு வயது. தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். "டொக்டர் உங்களை நடக்கச் சொன்னவர்தானே? சுகர் குறையும். நீங்கள் ஒருநாளும் வக்கான்ஸ், லீவு எடுத்ததே இல்லை."

"நடக்கிறதெண்டால் எங்கடை ரொக்ஸ்பரோவிலை றோட்டு இல்லையோ?"

"ரொக்ஸ்பரோவிலை ஒலிவ் மரம் இல்லையே!"

குசினிக்குள் இருந்து என் மனைவி வசந்தாவின் குரல் வந்தது. "பிள்ளை ஆசையாய்த் தர மூஞ்சையை நீட்டுறார். அறுபதிலை ஆளுக்குப் புத்தி திரும்பப் பிறக்குமாம். இவருக்கு இருந்ததும் போட்டுது."

ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் "கனடாக்காரனுக்குக் கொழுப்பு, பிள்ளை கூட்டிப்போகிறேன் என்றாலும் முறைக்கிறான்" என்று நினைப்பீர்கள். நினையுங்கள். முழுவதையும் படித்துவிட்டு நினையுங்கள். அப்போது இதைவிட மோசமாக நினைக்க வேண்டி வரும்.

2

மொன்றியலில், ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். காலையில் லொறியில் இருந்து பெட்டி இறக்குவேன். தக்காளியை அடுக்குவேன், அழுகியதைப் பொறுக்குவேன், "பொன்ஜூர் மதாம்" என்பேன். என் பிரெஞ்சு மரக்கறிப் பிரெஞ்சு. கத்தரிக்காய், கிலோ, பை, நன்றி. அதற்கு மேல் ஒருவர் கேள்வி கேட்டால் முதலாளியைக் கைகாட்டுவேன்.

பக்கத்துக் கடையில் ஒலிவ் விற்கிறவன் கரீம். அல்ஜீரியாவின் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். கறுப்பு, பச்சை, உப்பில் போட்டது, எண்ணெயில் போட்டது என்று முப்பது வாளி வைத்திருக்கிறான். பத்தொன்பது வருடமாக ஒரு கரண்டியில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டி, ருசி பார் என்கிறான். பத்தொன்பது வருடமாக நான் வேண்டாம் என்கிறேன்.

"ஒலிவோடு உனக்கு என்ன பகை? உன் மாமியாரா அது?" என்று கேட்பான். சந்தையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

பரிசு வந்த அடுத்த நாள் கரீமிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். அவன் ஒவ்வொரு படத்தையும் விரலால் தடவிப் பார்த்தான். அதில் எழுதியிருந்ததை எனக்கு விளங்குகிற பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான். ஆட்டிடையர்களும் கடத்தல்காரர்களும் நடந்த பழைய பாதைகளாம். மூன்றாம் நாள் கல்லுக்குக் கல் தாண்டி ஆற்றைக் கடந்து, ஒலிவ் தோப்பில் மதிய உணவாம். பாலாடைக்கட்டியும் பாணும் தருவார்களாம்.

கடத்தல்காரர்கள் எதைக் கடத்தினார்கள் என்று அதில் எழுதவில்லை. என்னைக் கடத்தினார்கள்.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபி தன் கணினியை மேசையில் வைத்து, நடைப்பயணக் கொம்பனி கேட்ட படிவத்தை நிரப்பினாள். அவள் கேட்க நான் பதில் சொல்ல வேண்டும். வயது, உயரம், மருந்துகள், அவசரத்துக்கு யாரை அழைப்பது. சப்பாத்து அளவும் கேட்டார்கள். எட்டு என்றேன்.

"மலையில் நடந்த அனுபவம் உண்டா?" என்று வாசித்துவிட்டு அவளே சிரித்தாள். "இல்லைத்தானே! உங்களுக்கு மெற்றோப் படி ஏறவே மூச்சு வாங்கும்."

"இல்லை எண்டு போடு."

"இந்த நாட்டுக்கு முன்னமே போயிருக்கிறீங்களோ?"

"இல்லை எண்டு போடு."

அவள் தட்டினாள். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால், இதே நகரத்தில், அகதி விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கேட்டதும் இதே கேள்வி. நான் சொன்னதும் இதே பதில்.

எங்களைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்த கதை சின்னது. "துருக்கியிலை பிளேன் ஏறினாய், இஞ்சை இறங்கினாய். இடையிலை ஒரு நாடும் இல்லை. கிரீஸ் எண்டு வாய் திறந்தியோ, அங்கை ஏன் அகதி கேக்கேல்லை எண்டு கேட்டுத் திருப்பி அனுப்புவாங்கள். நாளைக்குக் கலியாணம் கட்டினாலும் மனிசிக்கும் இதைத்தான் சொல்ல வேணும். மனிசி பிள்ளைக்குச் சொல்லும். பிள்ளை பள்ளிக்கூடத்திலை சொல்லும்."

அவன் சொன்னபடியே செய்தேன். கேஸ் வென்றது. பிறகு குடியுரிமை வந்தது, கடவுச்சீட்டு வந்தது. ஆனாலும் கதையை மாற்றவில்லை. என்றைக்காவது ஒருநாள் பைலைத் திறப்பார்கள் என்ற பயம் போகவே இல்லை. நான் மட்டுமல்ல. இங்கே எத்தனையோ வீடுகளில் அகதி விசாரணைக்கு எழுதிய கதைதான் குடும்பக் கதை. எங்கள் பிள்ளைகளுக்கு எங்களைத் தெரியாது, தமிழ் தெரியாது, நாங்கள் பட்ட பாடு தெரியாது என்று மண்டபம் எடுத்துக் கூட்டம் போட்டு அழுகிறோம். எப்படித் தெரியும்? அதிகாரிக்குச் சொன்ன பொய்யைத்தானே அவர்களுக்கும் சோறோடு ஊட்டினோம்.

என் கதையில் இன்னொரு பொய்யும் இருந்தது. அது அதிகாரிக்குச் சொன்னதல்ல. வசந்தாவுக்குச் சொன்னது.

4

வசந்தாவின் அண்ணன் ரஞ்சன் என் வகுப்புத் தோழன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டோம். துருக்கியில் எங்களைப் பிரித்தார்கள், என்னைப் பிளேனில் ஏற்றினார்கள், அவனை இத்தாலிக்குப் போகிற குரூப்போடு அனுப்பினார்கள் என்று அவன் வீட்டுக்கு எழுதினேன். அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை என்றும் எழுதினேன். பிறகு வசந்தாவைக் கேட்டு, கட்டி, இங்கே கூப்பிட்டேன். அண்ணனின் சிநேகிதன் குடும்பத்தைக் கைவிடவில்லை என்று ஊரே புகழ்ந்தது.

நடந்தது இது.

துருக்கியில் யாரும் எங்களைப் பிரிக்கவில்லை. எல்லை தாண்டி, ஏழு பேர் கிரேக்க மலைக்குள் நடந்தோம். முன்னால் தடியோடு ஓர் இடையன். அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. கையை அசைத்தால் நடக்க வேண்டும், தடியைக் கிடையாகப் பிடித்தால் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் விடியற்காலை ஓர் ஆற்றைக் கல்லில் கல்லில் கால் வைத்துக் கடந்தோம். ரஞ்சன் வழுக்கினான். கணுக்கால் முறிந்த சத்தம் தண்ணீர் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது.

நான் அவனை முதுகில் காவினேன். அந்த ஏற்றத்தை நினைத்தால் இப்போதும் முழங்கால் நோகிறது. அவன் என் காதுக்குள் பகிடி விட்டுக்கொண்டே வந்தான். "மச்சான், கோயில் திருவிழாவிலை சாமி காவினாப்போலை இருக்கு. கொஞ்சம் ஆட்டாமல் காவடா."

காலை பத்து மணி போல ஒலிவ் தோப்பு ஒன்றுக்குள் விழுந்தோம். அப்போது அதன் பெயர்கூடத் தெரியாது. மரம் நிறையக் காய். இரண்டு நாளாக ஒழுங்கான சாப்பாடு இல்லை. ரஞ்சன் ஒரு காயைப் பிடுங்கிக் கடித்தான், துப்பினான். "டேய், வேப்பங்காயடா! இந்த நாட்டுச் சனம் என்னத்தைத்தான் தின்னுதுகள்?" நானும் கடித்தேன். நாக்கு மடங்கிப்போனது. மரத்தில் இருக்கும்போது அது கசக்கும், உப்புத் தண்ணீரில் ஊறினால்தான் தின்னலாம் என்று எங்களுக்கு யார் சொன்னது? இரண்டு பேரும் வாயைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான்.

இடையன் ரஞ்சனுடைய காலைத் தொட்டுப் பார்த்தான். எங்கள் ஆறு பேரையும் காட்டி மலையைக் காட்டினான். ரஞ்சனைக் காட்டி நிலத்தைக் காட்டினான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நீ போ மச்சான்," என்றான் ரஞ்சன். "தோட்டக்காரன் ஆராவது வருவான். நான் பின்னாலை வாறன்."

என் சப்பாத்தின் அடி முதல் நாளே கழன்று போயிருந்தது. கயிற்றால் கட்டி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவு, எட்டு. அவன் தன் சப்பாத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினான். முறிந்த காலில் இருந்து கழற்றும்போது கத்தாமல் இருக்கத் தன் கையைக் கடித்தான். "எனக்கு இப்ப என்னத்துக்கு? கொண்டு போ."

அவனாகத்தான் தந்தான். ஆனால் நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் தந்தான். இதை எழுதத்தான் முப்பத்து நான்கு வருடம் எடுத்தது.

அரைவாசிப் பாணையும் தண்ணீர்க் கானையும் வைத்துவிட்டு அவன் சப்பாத்தோடு நடந்தேன். மொன்றியலில் வந்து இறங்கியபோதும் அதுதான் என் காலில் இருந்தது. முதல் பனிக்காலத்தில், றோட்டில் போடுகிற உப்பில் அது வெடித்துப் பிளந்தது. குப்பைப் பையோடு வாசலில் வைத்தேன். லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது.

5

ரஞ்சன் பிறந்தது வைகாசி விசாகத்தில். அதனால் ஒவ்வொரு வைகாசி விசாகத்துக்கும் வசந்தா டொலார்ட் முருகன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். பெயர், நட்சத்திரம் சொல்லிச் செய்கிற அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்குத்தான். செத்தவருக்கு என்றால் திதி பார்த்துத் திவசம் செய்ய வேண்டும். அவன் செத்த செய்தி வராததால் திவசம் இல்லை. ஐயர் ஒவ்வொரு வருடமும் அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்பார். நான் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நிற்பேன்.

இந்த முறை பயணம் விசாகத்துக்கு ஒரு கிழமைக்குப் பிறகு வந்தது.

விசாகத்துக்குப் பதினொரு நாளுக்கு முந்திய சனிக்கிழமை முற்பகல். வேலை இல்லை. அபி அனுப்பிய மலைச் சப்பாத்துப் பெட்டி வாசலில் கிடந்தது. வசந்தா ஒரு கடித உறையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். வழக்கமில்லாத மரியாதையோடு தேத்தண்ணியும் கொண்டுவந்தாள்.

"இஞ்சேருங்கோ. கிரீஸ் துருக்கிக்குப் பக்கமாம், அபி சொன்னவள். அங்கையும் எங்கடை ஆக்கள் இருக்கினமாம். இதைக் கொண்டுபோய்க் கடையள், ஹோட்டல் வழிய காட்டுங்கோ. ஆராவது கண்டிருப்பினம்."

உறைக்குள் எட்டுப் படங்கள். நான்கு, ரஞ்சனின் பழைய அடையாள அட்டைப் படத்தின் பிரதிகள். மற்ற நான்கையும் அபி தன் ஃபோனில் செய்து கொடுத்திருக்கிறாள். இப்போது இருந்தால் எப்படி இருப்பான் என்று ஃபோனே வரைந்து கொடுக்குமாம். நரைத்த தலை, தளர்ந்த கன்னம், என்னைப் போலவே முன்பக்கம் வழுக்கை. நான் தோப்பில் விட்டுவிட்டு வந்தவன் அறுபது வயதுக்காரனாக எங்கள் குசினி மேசையில் கிடந்து என்னைப் பார்த்தான்.

என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஆறு, கால், தோப்பு எல்லாம். சப்பாத்தையும் சொன்னேன்.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். கேள்வி கேட்டாள். எந்த அதிகாரியும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"செத்ததைக் கண்டனீங்களோ?"

"இல்லை."

"திரும்பிப் பாத்தனீங்களோ?"

"ஒருக்காப் பாத்தனான்."

"என்ன செய்துகொண்டு இருந்தவர்?"

"மரத்திலை சாய்ஞ்சுகொண்டு இருந்தவன். போ போ எண்டு கை காட்டினவன்."

"சப்பாத்தை அவர் தந்தவரோ, நீங்கள் எடுத்தனீங்களோ?"

"தந்தவன்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணைத் தாழ்த்தினேன். அவளுக்கு அது போதும்.

"என்ன திகதி?"

"தெரியாது. நாள் கணக்கு விட்டுப்போச்சு. ஆடியிலை ஊரிலை இருந்து வெளிக்கிட்டனாங்கள். இஞ்சை வர பனி கொட்டினது."

"காயெல்லாம் என்ன நிறம்?"

"பச்சை. அங்கொண்டு இங்கொண்டு சிவந்திருந்தது."

"நிலவு நிண்டதோ?"

நின்றது. அதை எப்படி மறப்பேன்? அவனைத் திரும்பிப் பார்த்தபோது, பகல் வெளிச்சத்தில், மேற்குப் பக்கம் மலைக்கு மேலே பாதி நிலவு வெள்ளையாக நின்றது.

"தேய்பிறை அட்டமி," என்றாள் வசந்தா. எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினாள். எதையும் எழுதாமல் திரும்ப மாட்டினாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை கரீமைக் கேட்டேன், காய் பச்சையாக இருந்து ஒன்றிரண்டு சிவக்கிறது என்றால் எந்த மாதம் என்று. "ஒக்ரோபர் கடைசி," என்றான். "என்ன, தோட்டம் வாங்கப் போகிறாயா?" நான் சிரிக்கவில்லை. அன்று முதல் அவன் கரண்டியை நீட்டுவதில்லை.

ஒக்ரோபர் கடைசி என்றால் ஐப்பசி. ஐப்பசித் தேய்பிறை அட்டமி. வசந்தா வீட்டில் இருக்கும்போது குசினிக்குள் நின்று சத்தமாகச் சொன்னேன். அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

6

பதினொரு நாள் அவள் பேசவில்லை. சோற்றுப் பெட்டியில் சோறு இருக்கும். உடுப்பு மடித்திருக்கும். பேச்சு மட்டும் இல்லை. கையால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து தந்து, வாயை மூடிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் நடந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், உங்களுக்குப் புண்ணியம்.

அபிக்குத் தாய் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் பின்னேரம் கணினியோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அப்பா, அந்தப் படிவத்தை மாத்தட்டோ? போயிருக்கிறார் எண்டு."

"மாத்தாதை. பைலைத் திறப்பாங்கள்."

"அது நடக்கக் கூட்டிப்போற கொம்பனி, அப்பா. அரசாங்கம் இல்லை."

எனக்கு எல்லாப் படிவமும் ஒன்றுதான். அதை அவளுக்கு விளங்கப்படுத்துகிற தமிழ் அவளிடமும் இல்லை, பிரெஞ்சு என்னிடமும் இல்லை. அவள் கணினியை மூடினாள். பிறகு, "மாமா என்னைக் கண்டிருந்தால் என்ன பகிடி விட்டிருப்பார்?" என்று கேட்டாள்.

இதை எழுதுவதால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. வருவது வரட்டும். அந்தப் பயத்தோடு முப்பத்து நான்கு வருடம் படுத்து எழும்பியாயிற்று.

வைகாசி விசாகத்தன்று காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். நான் காரை ஓட்டினேன். வசந்தா என் பக்கத்து இருக்கையில் ஏறவில்லை, பின்னால் ஏறினாள். கோயிலில் சரியான சனம். அர்ச்சனைத் தட்டோடு அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். வழக்கமாக அவள்தான் முன்னால் நிற்பாள், பெயர் சொல்வாள். எனக்கு ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. இன்றைக்கு அவள் பெயரைச் சொல்லப் போகிறாளா, அல்லது ஐயரிடம் ஐப்பசித் திதிக்குத் திவசம் பேசப் போகிறாளா?

எங்கள் முறை வந்தது. ஐயர் தட்டை வாங்கினார்.

"யாற்றை பேருக்கு அம்மா? நட்சத்திரம்?"

வசந்தா ஓர் அடி விலகி நின்றாள். கையால் என்னைக் காட்டினாள்.

"இவரைக் கேளுங்கோ."

ஐயர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற கிழவர் கெதியாகச் சொல்லுங்கோ என்று முணுமுணுத்தார். அபி தரையைப் பார்த்தாள். நட்சத்திரம் சொன்னால் அவன் இருக்கிறான். பேசாமல் நின்றால் அவனைக் கொன்றவன் நான் என்று முருகனுக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறேன். தோப்பில் இடையன் கையைக் காட்டிய நேரத்தில் நான் எடுத்த முடிவுக்கு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. இங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

"ரஞ்சன்," என்றேன். "விசாகம்."

ஐயர் தட்டோடு உள்ளே திரும்பினார். மணி அடித்தது. அவன் பெயரைச் சொல்லி நீண்ட ஆயுள் கேட்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

வசந்தா தன் கைப்பையைத் திறந்தாள். எட்டுப் படங்களும் இருந்த உறையை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்து அமத்தினாள். பதினொரு நாளுக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"அப்ப போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."